ஓட்டம் தண்டனை அல்ல!

பையன் கேட்ச்சைக் கோட்டை விட்டுவிட்டான். பயிற்சியாளருக்குக் கோபம். "போ! மைதானத்தை ஐந்து சுற்று ஓடு!" என்கிறார். பையன் ஓடுகிறான். மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஐந்து சுற்று முடிந்தது. பையன் மூச்சு வாங்க நிற்கிறான். இப்போது அவனுக்குக் கேட்ச் பிடிக்க வந்துவிட்டதா? இல்லை. அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஓடுவது என்றால் தண்டனை!

பந்தும் மட்டையும் வைத்து ஆடும் ஆட்டத்தில் ஓட்டம்தான் உயிர். அந்த உயிரையே பிள்ளைகள் வெறுக்கும்படி செய்வது எப்படிப் பயிற்சியாகும்?

நான்கு முனை ஆட்டம்

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கிரிக்கெட்டுக்குச் சொந்தக்கார ஆட்டம் என்று சொல்லலாம். பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நான்கு முனைகளையும் சுற்றி வந்தால்தான் ஒரு ஓட்டம் கிடைக்கும்.

ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் பெரியவர்களுக்கு 90 அடி. சிறுவர்களுக்கு? 1939இல் அங்கே 'லிட்டில் லீக்' என்ற சிறுவர் ஆட்டம் தொடங்கியது. அதில் 60 அடிதான். பிள்ளையின் காலுக்குத் தகுந்த தூரம்!

முதல் முனையைத் தொட்டுவிட்டு வேகம் குறையாமல் நேராகத் தாண்டி ஓடலாம். இரண்டாவது, மூன்றாவது முனைகளில் அப்படித் தாண்டினால் ஆபத்து. எதிராளி பந்தோடு வந்து தொட்டால் அவுட். எங்கே பாய்வது, எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுக்காமல் மைதானத்தைச் சுற்ற விட்டால் இது வருமா?

இரண்டாவது ரன்

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். கோட்டுக்குக் கோடு 58 அடி. ஏறக்குறைய அந்தச் சிறுவர் ஆட்டத்தின் தூரமே!

2019 ஜூலை 10ஆம் தேதி. மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம். தோனி இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். நியூசிலாந்து வீரர் கப்தில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தாக்கியது. சில அங்குலத்தில் தோனி அவுட்! இந்தியா 18 ரன்னில் தோற்றது.

நான்கே நாளில் லண்டனில் இறுதி ஆட்டம். கடைசிப் பந்து. அதே கப்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். அவரும் ரன் அவுட்! கோப்பை இங்கிலாந்துக்குப் போயிற்று.

உலகக் கோப்பையையே தீர்மானிப்பது சில அடி ஓட்டம். ஓடும்போது மட்டையை எந்தக் கையில் பிடிப்பது? உடம்பைத் தாழ்த்தி எப்படித் திரும்புவது? "வா", "வேண்டாம்" என்று யார் குரல் கொடுப்பது? இவற்றைச் சொல்லிக் கொடுப்பதுதான் ஓட்டப் பயிற்சி. சிறு தூரம் முழு வேகம், பிறகு ஓய்வு, மறுபடி ஓட்டம். களைத்த காலுக்கு வேகம் பழகாது.

இந்த வித்தை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கிளித்தட்டு ஆடும் பிள்ளை பாய்கிறது, நிற்கிறது, சட்டென்று திரும்புகிறது. கோ கோ ஆடுகளத்தின் நீளம் 27 மீட்டர். பேஸ்பாலின் 90 அடியும் கிட்டத்தட்ட அதுவே! பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் கிளித்தட்டு ஆடவிட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

வெயிலும் மணலும்

கோட்டக்குப்பம் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு கவனமும் தேவை. மிதமான வெயில் போலத் தோன்றினாலும், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் உலராது. உடம்புச் சூடு தணியாது. இளமணலில் ஓடினால், கட்டாந்தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். தரையில் ஐந்து சுற்று ஓடும் பிள்ளையை மணலிலும் ஐந்து சுற்று ஓடச் சொல்வது நியாயமா?

இது வீண் பயம் அல்ல. 2018 மே 29ஆம் தேதி, அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வாலிபர் பயிற்சியில் ஓடினார். அமெரிக்கக் கால்பந்து வீரர், ஆஜானுபாகுவான உடம்பு. 110 கெஜ ஓட்டம், பத்து முறை. அது தண்டனைகூட அல்ல. வெப்பத் தாக்கு அவரைச் சாய்த்தது. உடனே உடம்பைக் குளிர வைக்கவில்லை. ஜூன் 13ஆம் தேதி அவர் இறந்தார். பல்கலைக்கழகம் பொறுப்பை ஒப்புக்கொண்டது. போன உயிர் திரும்பவில்லை.

ஆகவே ஓட்டப் பயிற்சி காலையிலோ மாலையிலோதான் நடக்க வேண்டும். பக்கத்தில் குடிதண்ணீரும் நிழலும் வேண்டும். ஓடும் பிள்ளை தடுமாறினாலோ, உளறினாலோ, வாந்தி எடுத்தாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் கிடத்திக் குளிர்ந்த நீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள். 108க்குச் சொல்லுங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டும்

பள்ளியில் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வகுப்பறையில் ஓங்கக்கூடாத பிரம்பு, மைதானத்தில் ஓட்டமாக உருமாறி வரலாமா?

கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல. கேட்ச் தவறினால், இன்னும் பத்து கேட்ச் பிடிக்கச் சொல்லலாம். அது பிழையையும் திருத்தும். பிள்ளையின் மானத்தையும் காக்கும்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "எத்தனை ரன் எடுத்தாய்?" என்று கேட்கும் பெற்றோர், "இன்று எதற்காக ஓடினாய்?" என்றும் கேட்கட்டும். "தப்புச் செய்தேன், ஓட விட்டார்" என்று பிள்ளை சொன்னால், மறுநாளே பயிற்சியாளரைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஓடச் சொல்ல யாராலும் முடியும். ஓடக் கற்றுக் கொடுப்பவரே பயிற்சியாளர்!