தண்ணீர் ரயிலின் இரண்டாவது வாக்கு

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து காவிரிக் குடிநீருடன் முதல் ரயில் சென்னை வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர். அரசு அறிவித்திருந்ததோ நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர். முதல் நடையிலேயே முழு அளவு வராததை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு வாக்கு: தண்ணீர் கொடுக்கும் ஊர்களின் குழாய் வற்றாது என்று அரசு தந்த உறுதி. ஜோலார்பேட்டைப் பக்கத்து மக்கள் அஞ்சிக் குரல் கொடுத்ததால்தான் அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

தொழிற்சாலைகளில் தயாரிப்புக் குழுவை நடத்துகிறவர்கள் அடிக்கடி மறப்பது, சுமையைத் தாங்குபவர்களுக்குத் தர வேண்டிய இந்த இரண்டாவது வாக்கைத்தான். ஆம்பூரில் புது ஷூ மாடலுக்குப் பொறுப்பேற்றவர், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஷிப்மென்ட் தேதி சொல்கிறார். தோல் என்று வரும், தையல் பிரிவில் ஆள் போதுமா என்று கேட்டுவிட்டா சொல்கிறார்? கேட்காமல் கொடுத்த தேதி, மெஷின் முன் உட்காரும் பெண்களுக்கு ஓவர்டைமாக வந்து விழுகிறது. அடுத்த முறை அவர் சொல்லும் எந்தத் தேதியையும் அவர்கள் நம்புவதில்லை. அது நியாயம்தான். தேதி பேசும் கூட்டத்தில் லைன் சூப்பர்வைசரும் உட்கார வேண்டும். அவர் முடியாது என்றால், வாடிக்கையாளருக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்.