மணலாக விற்று மாவாக வாங்குகிறோம்
புல்மோட்டைக் கறுப்பு மணலை "கப்பலுக்குப் போற மண்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். அந்த இல்மனைற்றுக்குள் இருப்பது தைத்தேனியம். அதன் ஒட்சைட்டில் ஒளி பாய்ச்சி நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம் என்று 1972இலேயே ஜப்பானில் புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டிவிட்டார்கள். அதே தூள் தண்ணீரிலுள்ள கிருமியையும் சாயக்கழிவையும் சிதைக்கும் ஊக்கி.

குறையும் உண்டு. கழியூதாக் கதிர்தான் வேண்டும். ஒளி பிரிக்கும் நேர், மறை ஏற்றங்கள் கணத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துவைக்கத்தான் பேரியம் தைத்தனேற்று போன்ற முனைவுள்ள ஒட்சைட்டுகளை நனோ அளவில் ஆராய்கிறார்கள். அதற்கும் தைத்தேனியம்தான்!

"நமக்கெதற்கு இதெல்லாம்?" என்பது வெறும் சாட்டு. அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மதிலுக்குப் பெயின்ற் அடிக்கும் பேச்சை (வெள்ளைப் பெயின்றிலும் இதே தூள்தான்) நிறுத்தி, பூட்டிக்கிடக்கும் ஆய்வுகூடத்தின் திறப்பைக் கேட்போம்.