வெளிச்சம் வேண்டியது படலைக்கா, பாதைக்கா?

இரவு ஏழு மணிக்கு நமது கிராமத்து ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். பல வீடுகளின் படலையில் பெரிய மின்குமிழ் பளிச்சென்று எரிகிறது. ஒழுங்கையும் எதிர் வீட்டு வேலியும் பகல்போலத் தெரிகின்றன. அதே வீட்டின் கோடிப்புறத்துக்குப் போனால், கிணற்றடியும் மலசலகூடத்துக்குப் போகும் பாதையும் கும்மிருட்டாகக் கிடக்கின்றன.

இரவில் வெளியே போகிறவர் யார்? விடிய முன் எழும்பித் தண்ணீர் அள்ளும் தாய், நடுச்சாமத்தில் எழும்பும் முதியவர், தனியே போகப் பயப்படும் பெண்பிள்ளை. கண்ணாடிப் புடையன் இரை தேடி வெளிவருவதும் இருட்டில்தான். விளக்கு எங்கே பூட்டுவது என்று தீர்மானித்தபோது இவர்களில் யாரையாவது கேட்டோமா? பெரும்பாலும் இல்லை. கள்வர் பயமும் ஊர் மதிப்பும் சேர்ந்து விளக்கைப் படலைக்குக் கொண்டுபோய்விட்டன.

முன்பு நமது வீடுகளில் போத்தல் விளக்கு இருந்தது. அது சரிந்து விழுந்து எரிந்தவர்கள் பலர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் பாதுகாப்பான விளக்கொன்றைச் செய்யத் தொடங்கினார். குட்டையான தடித்த கண்ணாடி, உருளாதபடி இரண்டு தட்டைப் பக்கங்கள், திருகி இறுக்கும் மூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கை யார், எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்த்ததால் வந்த மாற்றம் அது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது போத்தல் விளக்கு மீண்டும் வெளியே வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதையும் நாம் மறக்கவில்லை.

செலவைப் பார்ப்போம். பழைய 60 வாற்று இழைக்குமிழ் இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 21.6 அலகு. ஏறக்குறைய அதேயளவு வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 3.24 அலகு போதும். பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடுவதால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. பாதைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்று சிறிய குமிழ்களைப் பூட்டி, ஆளியைப் பின்கதவின் உட்பக்கத்தில் வைத்தால் தேவையான நேரம் மட்டும் எரிக்கலாம்.

விளக்கு கண்ணில் அடிக்கக்கூடாது. கண் கூசினால் அப்பால் உள்ள இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும். மேலே மூடியிட்டு ஒளியை நிலத்துக்குத் திருப்புங்கள். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வரும். பூச்சிக்குத் தவளை வரும். தவளைக்குப் பாம்பு வரும். ஆகவே வாசற்படிக்கு நேர்மேலே விளக்கைத் தொங்கவிட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, வீட்டுக்குள் பாவிக்கும் வயரைக் கதியாலிலும் மாமரக் கொப்பிலும் இழுத்து, முறுக்கி, ரேப் சுற்றிவிடுவது. மாரி மழையில் அந்த மூட்டுத்தான் ஆளைக் கொல்லும். பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு, மழை புகாத விளக்கும் வெளிப்பாவனைக்கான வயரும் போடுவியுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் சிறிய சூரிய ஒளி விளக்கைப் பூட்டலாம். ஆனால் தகடு மரநிழலில் இருந்தால் பயனில்லை. அதன் பற்றரியும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

இதைத் தனித்தனியே செய்யவேண்டும் என்றில்லை. மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூடிப் பேசி, நல்ல பொருளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

இன்றிரவு படலை விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள அனைவரும் பின்கதவிலிருந்து கிணற்றடிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். அம்மாவின் கால் எந்த இடத்தில் தயங்குகிறதோ, முதல் விளக்கை அந்த இடத்தில் பூட்டுங்கள். படலைக்கு அடுத்த மாதம் பார்க்கலாம்.