கோழி எங்கே போனது?



பள்ளி ஆண்டு மலருக்குக் கதை எழுதித் தரும்படி ஆசிரியர் சொல்லியிருப்பார். நீங்களும் நோட்டைத் திறந்து, 'ஒரு ஊரில்' என்று எழுதிவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அரை மணி நேரம் ஆகியும் அந்த ஊரில் ஒருவர்கூட குடிவந்திருக்க மாட்டார். 'எனக்குக் கற்பனையே வராது' என்று நோட்டை மூடிவிடுவீர்கள்.

இதில் உங்கள் தப்பு கொஞ்சம்தான். என்னைப் போன்ற ஆசிரியர்களின் தப்புதான் அதிகம்! 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்ற கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேல் மார்க் போட்டவன் நான். காகம் - தாகம் - ஜாடி - கூழாங்கல் - நீதி. முடிவு முதலிலேயே தெரிந்துவிடும். நடுவில் இட்டு நிரப்பினால் போதும். அப்படியே பழகிய கை, முடிவு தெரியாத கதையைத் தொடங்கப் பயப்படத்தானே செய்யும்?

ஒருமுறை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் பாட்டியின் கோழி சாயங்காலம் வீடு திரும்பாததைப் பற்றி எழுதியிருந்தாள். பாட்டி அரிக்கேன் விளக்கோடு தெருத் தெருவாகத் தேடுகிறாள், கோழி கிடைக்கவில்லை, வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கிறாள். அவ்வளவுதான் கதை. நான் சிவப்பு மையால் 'நீதி எங்கே?' என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். அதற்குப் பிறகு அவள் பாடப் புத்தகக் கதைகளையே எழுதித் தந்தாள். அவற்றுக்கு நல்ல மார்க்கும் போட்டேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

முடிவு தெரியாமல் தொடங்கிய பெரியவர்கள் உண்டு. டோல்கீன் என்று ஆக்ஸ்போர்டில் ஒரு பேராசிரியர் இருந்தார். விடுமுறையில் பள்ளி மாணவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். (அந்த அலுப்பு எனக்கு நன்றாகவே தெரியும்!) ஒரு மாணவர் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தார். அந்த வெற்றுப் பக்கத்தில் 'ஹாபிட்' என்ற புதுச் சொல்லை வைத்து ஒரே ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது! அதைத் தெரிந்துகொள்ள மேலே மேலே யோசித்தார். 1937-ல் 'தி ஹாபிட்' புத்தகமாக வந்தது.

நம் ஆர்.கே. நாராயணும் 1930-ல் பெங்களூரில் உங்களைப் போலவே பேனாவைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாராம். முதலில் வந்தது மால்குடி என்ற ஊரின் சின்ன ரயில் நிலையம். அதைப் பிடித்துக்கொண்டு எழுதியதுதான் 1935-ல் வந்த 'சுவாமியும் நண்பர்களும்'.

ஆகவே ராஜாவையும் மந்திரியையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நேற்று நீங்களே பார்த்த ஒன்றை ஒரு வரி எழுதுங்கள். ரேஷன் கடை வரிசையில் தாத்தா ஏன் திடீரென்று சிரித்தார்? தையல் கடையில் யாரும் வாங்க வராத அந்தச் சட்டை யாருடையது? நடுவில் நின்றுபோனால், பேனாவை வைத்துவிட்டுத் தம்பியிடமோ பாட்டியிடமோ எழுதியவரை வாயால் சொல்லுங்கள். "அப்புறம்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்வி போதும். நான் தந்த எந்தக் குறிப்பும் அந்த வேலையைச் செய்ததில்லை.

அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. அன்றைக்கே அவளிடம் "அப்புறம்?" என்று கேட்டிருக்கலாம். நீங்களாவது எழுதிப் பாருங்களேன். நீதி வேண்டாம்.