வாளி தூக்க நாம், முடிவெடுக்க அவர்களா?

 

2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் தார்க்குழம்பு போல் ஒதுங்கிய அந்த எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்களும், மாணவர்களும், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களும்! எதைக் கொண்டு அள்ளினார்கள்? வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு!

சரி, அனுபவமில்லாத காலம், போகட்டும் என்று விட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. இந்த முறை அள்ளியது யார்? அதே மீனவர்கள்! தங்கள் படகிலேயே போய், தங்கள் வலையை நாசம் செய்த எண்ணெயைத் தாங்களே மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடல் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சு முட்டி எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மூக்குதான் அவர்களுக்கு அபாயச் சங்கு.

இதற்கெல்லாம் அதிகாரிகள் ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: மக்கள் பங்கேற்பு! 2015 வெள்ளத்தில் நம் இளைஞர்கள் படகு பிடித்தார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள், தண்ணீர் வடிந்த பிறகு குப்பையும் அள்ளினார்கள். பத்திரிகைகள் பாராட்டின. மகிழ்ச்சி. ஆனால் பாராட்டியவர்களில் யாராவது ஒருவர், "அடுத்த மழைக்கு முன்னால் எந்தக் கால்வாயைத் தூர்வார வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று அந்த இளைஞனை அழைத்து உட்கார வைத்தாரா? சேவைக்கு வா, சபைக்கு வராதே என்பதுதான் வடசென்னைக்கு எழுதப்பட்ட விதியா?

கணக்குப் பாருங்கள்

மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல்! 23 ஆண்டுகள் தனி அதிகாரிகளின் ராஜ்ஜியம். பிறகு 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல்! அரை நூற்றாண்டில் பாதிக்கு மேல், வீட்டு வரி கட்டியவனுக்கு மாநகராட்சியில் வாயில்லை.

திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் மணலிக்கும் ஒரு காலத்தில் சொந்த நகராட்சிகள் இருந்தன. நடந்து போகும் தூரத்தில் ஆபீஸ், சேர்மன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். 2011-ல் மூன்றையும் சென்னையோடு சேர்த்தார்கள். வசதி வரும் என்றார்கள். ஐந்தே ஆண்டில் மன்றமே இல்லாமல் போனது. 2017-ல் எண்ணெய் கரை ஒதுங்கியபோது, எர்ணாவூர்க்காரர் போய் நின்று கத்துவதற்கு ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல்கூட இல்லை!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி அமைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1993 ஜூன் 1-ல். தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்ததோ 2022 ஜூனில். 29 ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, நிக்காஹ் முடிந்து, அதுவும் ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கும்.

தாமதமாக வந்தாலும் வந்தது கையில் இருக்கிறது. அது என்ன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் பகுதி சபையின் உறுப்பினர். மீண்டும் சொல்கிறேன், ஒவ்வொருவரும்! கட்சி அட்டை வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். தெருவிளக்கு எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று அங்கே சொல்லலாம். குடிநீர், சாக்கடை, துப்புரவுக் குறைகளைப் பதிவு செய்யலாம். அது கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போக வேண்டும். 2022 நவம்பர் 1-ல் முதலமைச்சரே பம்மலில் பகுதி சபையில் உட்கார்ந்து மக்கள் குறை கேட்டார். படம் வந்தது, செய்தி வந்தது. உங்கள் தெருவுக்கு அந்தச் சபை வந்ததா?

குறை இல்லாத சட்டமா என்றால், இல்லை. பகுதி சபைக்கான பிரதிநிதியை நாம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நியமனம் என்றால் யாருக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "அது ஆளுங்கட்சிக்காரர்கள் கூடி டீ குடிக்கும் கூட்டம் ஹஜ்ரத், அங்கே நமக்கென்ன வேலை?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் பத்துப் பேர் டீ குடிக்கும் கூட்டத்தில் இருநூறு வாக்காளர்கள் போய் உட்கார்ந்தால் அது யாருடைய கூட்டம்? வராதவனை வைத்துத்தான் இவர்கள் இத்தனை காலமும் ஆண்டுகொண்டிருக்கிறார்கள்!

கேட்காமல் நடந்தது

வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்றார்கள். 2024 மார்ச்சில் 4,181 கோடி மதிப்பில் பணிகளைத் தொடங்கி வைத்தார்கள். பணம் வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரட்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், அதுவும் நல்லதுதான். அந்த மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி குறைந்தது. அங்கே உட்கார வேண்டியவர் கல்மண்டபத்தில் கடை வைத்திருக்கிறார், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறார், லாரி வரிசையில் நின்று புழுதி குடிக்கிறார்.

குப்பையைப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் என்று இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸை வைத்து அப்புறப்படுத்தினார்கள். கோர்ட் உத்தரவு என்றார்கள். சரி. மண்ணடியும் பர்மா பஜாரும் ராயபுரம் மண்டலத்தில்தானே இருக்கின்றன? கடைக்கு முன்னால் குப்பை தேங்கினால் முதலில் நஷ்டப்படுபவர் நீங்கள்தானே? யார் வாருவது, எத்தனை மணிக்கு வாருவது, வராவிட்டால் எவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தம் போடுமுன் உங்களில் ஒருவரையாவது கேட்டார்களா? தினமும் உங்கள் வாசலைப் பெருக்கிய அந்தப் பெண்களைத்தான் கேட்டார்களா? இவர்கள் அகராதியில் 'பங்குதாரர்' என்றால் டெண்டர் எடுத்தவர். வரி கட்டுபவரும் வியர்வை சிந்துபவரும் வெறும் 'பயனாளிகள்'!

இப்படித்தான் எல்லா ஊரிலும் நடக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்து, ஊர்ச் சபையில் உட்கார்ந்து திட்டம் போடச் சொன்னார்கள். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1989 முதல் குடிசைவாசிகள் கூடி, இந்த ஆண்டு சாக்கடையா சாலையா என்று பட்ஜெட்டில் முடிவு செய்தார்கள். பின்னாளில் அது தேய்ந்துபோனது வேறு கதை. ஏழைக்குப் பட்ஜெட் புரியாது என்ற வாதத்தை அந்த ஊர் பொய்யாக்கிவிட்டது.

நம் வீட்டுக் கதை

அதிகாரிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. நாம் என்ன செய்கிறோம்? சங்கத்தின் சார்பில் சால்வை வாங்கிக்கொண்டு கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்கிறோம்? பள்ளிவாசல் முன்னால் சாக்கடை மூடி, கப்ரஸ்தானுக்கு ஒரு விளக்கு, நம் கடைக்கு முன்னால் நோ பார்க்கிங் போர்டு. கிடைத்தால் நன்றி நோட்டீஸ் ஒட்டுகிறோம். அடுத்த தெருவில் குப்பத்து மக்களின் குழாயில் சாக்கடை கலந்து வருகிறதே, அது நம் மனுவில் இருந்ததா? குழாய் தெருவுக்குத் தெரு மதம் பார்த்து ஓடுவதில்லை. இன்று அவர்கள் குடத்தில் வருவது நாளை நம் ஹவுளில் வரும்.

ஒரு மதில் சுவர் எழுப்ப ஜமாஅத்தில் மூன்று முறை மஷூரா நடத்துகிறோம். கணக்கு எழுதிப் படிக்கிறோம், தப்பு இருந்தால் எழுந்து நின்று கேட்கிறோம். பழக்கம் நமக்கு இருக்கிறது. 2022-ல் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். அந்தப் பணத்தின் கணக்கை எந்தச் சபையில் எழுந்து கேட்டோம்?

இந்த மாதம் செய்ய வேண்டியது இதுதான். எம்.சி. ரோட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்கள், இரண்டு வியாபாரிகள் சேருங்கள். பக்கத்துக் குப்பத்துப் பஞ்சாயத்தாரையும், மாதா கோவில் தெருக்காரர்களையும் வீடு தேடிப் போய் அழையுங்கள். அவர்கள் இல்லாமல் போனால் "இது அவங்க பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுவார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மாநகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள்: எங்கள் வார்டின் பகுதிகளின் எல்லை என்ன? ஒவ்வொரு பகுதிக்கும் பிரதிநிதி யார்? 2022 முதல் எந்தெந்தத் தேதியில் சபை கூடியது, வருகைப் பதிவேட்டின் நகல் எங்கே, தீர்மானங்கள் எங்கே, அவை என்ன ஆயின? 30 நாளில் பதில் தர வேண்டும். எண்ணூர், எர்ணாவூர்ச் சகோதரர்கள் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: நள்ளிரவில் வாயு கசிந்தால் சங்கு எங்கே ஒலிக்கும், நாங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

பதில் வந்ததும் பள்ளிவாசலில் தொழுகை நேரம் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். சங்க ஆபீஸிலும் ஒன்று. வார்டு எண், பகுதி எண், பிரதிநிதியின் பெயர், கடைசியாகச் சபை கூடிய தேதி, அடுத்த தேதி என்று எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். ஜும்ஆவுக்கு வருகிறவர் எல்லாரும் வாராவாரம் பார்க்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரும் பார்க்கட்டும்.