பழைய காருக்கு டர்போ: கணக்கை முழுதாக எழுதுவோம்



சென்ற மாதம் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், முன்பு நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து அமர்ந்தார். இப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. ஆரணியில் அத்தாவின் பட்டுச் சேலை வியாபாரத்தைக் கவனித்து வருகிறார். வீட்டில் 2012ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்று உண்டு. வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சேலைக் கட்டுகளைச் சுமப்பது அதுதான். குடும்பத்தார் விசேஷங்களுக்குச் செல்வதும் அதில்தான்.

“ஹஜ்ரத், ஆள் ஏறி ஏசியும் போட்டால் வண்டி இழுக்கவில்லை. டர்போ போட ஆசைப்படுகிறேன். அத்தா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்” என்றார். தாளில் ஒரே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது: 1,40,000 ரூபாய்.

ஆகுமா, ஆகாதா என்ற தீர்ப்பை எதிர்பார்த்து வந்தவரிடம், முதலில் கணக்கை முழுதாக எழுதுங்கள் என்றோம். இத்தகைய ஆசைகளில் பாதிக் கேள்விக்கு விடை கணக்கிலேயே கிடைத்துவிடும் என்பது நம் கருத்து.

டர்போ என்பது என்ன? இன்ஜினுக்குப் பெட்ரோலைப் போலவே காற்றும் தேவை. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டலாம், விசையும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகையைப் பயனாக்கும் இந்த யோசனையில் குறை காண ஒன்றுமில்லை.

ஆனால், அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், சிலிண்டருக்குள் தீ பரவி வந்து சேரும் முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். தொடர்ந்தால் பிஸ்டனே உடையும். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் பகுதியில் இந்த அச்சம் இன்னும் கூடுதல். டர்போ இன்றி வடிவமைக்கப்பட்ட இன்ஜின் இந்தச் சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. நாடாவை மட்டும் வேகமாக ஓடவிட்டால் சேலை விரைவில் முடிந்துவிடாது. பாவு தாங்க வேண்டும், தறிச் சட்டமும் தாங்க வேண்டும்.

நம் பள்ளிவாசலுக்கு வரும் பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர். அவரையும் அமர்த்திக்கொண்டு மூவருமாக அத்தாளை நிரப்பினோம். டர்போ, அதற்கான குழாய்கள், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றுக்கு மாணவர் கேட்டு வந்த 1,40,000 ரூபாய். பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்பு, இன்ஜினின் கணினியைத் திருத்தி அமைத்தல் ஆகியவற்றுக்கு 60,000. பழைய இன்ஜினைப் பிரித்துச் செப்பனிட 60,000. கூடுதல் விசையைத் தாங்கும் கிளட்ச்சுக்கு 20,000. பிரேக்குக்கும் டயருக்கும் 45,000. ஏதேனும் பழுதானால் கைவசம் இருக்க 40,000. மொத்தம் 3,65,000 ரூபாய். இது எங்கள் மதிப்பீடுதான். ஊருக்கும் பட்டறைக்கும் ஏற்ப மாறலாம். ஆனால் அந்தக் காரை விற்றால் மூன்று லட்சம்கூடக் கிடைக்காது என்றார் பெரியவர். மாணவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கையும் கிளட்ச்சையும் விட்டுவிட்டு டர்போவை மட்டும் போடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கார் செய்பவர்களே அவ்வாறு செய்யவில்லை. கோயம்புத்தூரின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டா மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 2018ஆம் ஆண்டில் டியாகோ ஜே.டி.பி. காரை வெளியிட்டது. சாதாரண டியாகோவின் பெட்ரோல் இன்ஜின் அப்போது 85 குதிரைத்திறன் கொண்டிருந்தது. இந்த டர்போ இன்ஜின் 114 குதிரைத்திறன் தந்தது. அதற்காகக் கியர் விகிதத்தையும் சஸ்பென்ஷனையும் சக்கரங்களையும் மாற்றினார்கள். மாருதி 2017ஆம் ஆண்டில் கொண்டுவந்த டர்போ பலேனோ ஆர்.எஸ். காரில் பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். ஓடும் விசையைக் கூட்டியவர்கள் நிறுத்தும் விசையையும் கூட்டினார்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கிட்டுக்குச் சட்டத்தில் வழி உண்டு. பட்டறையில் கூட்டிச் சேர்த்த டர்போவை அதோடு ஒப்பிட முடியாது. மேலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். அப்போது விபத்தின் கடன் யார் தலையில் விழும்? தறி வீட்டின் முதலில்தான் விழும். சாலையில் எதிரே வந்தவரின் உயிருக்கும் உடைமைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் காரின் மீதுள்ள ஆசையே பிழை என்று நாம் கூறவில்லை. இயந்திரத்தை அறிய விரும்பும் மனம் அல்லாஹ் தந்த அருட்கொடை. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஓர் இளைஞர் தமக்குப் பிடித்ததைச் செய்ய விரும்புவதை இஸ்ராஃப் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதும் நியாயமன்று. ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் வேண்டாம். நூலுக்கும் ஜரிகைக்கும் வைத்த பணத்தில் வேண்டாம். உம்மாவும் தங்கையும் ஏறும் வண்டியில் வேண்டாம். டர்போதான் வேண்டுமென்றால், இந்தக் காரை விற்றுவரும் தொகையோடு சேமிப்பையும் சேர்த்து, கம்பெனியிலேயே டர்போவோடு வந்த பழைய கார் ஒன்றைத் தேடலாம். பழகிப் பார்க்க வேண்டுமென்றால் சாலையில் ஓடாத ஒரு வண்டியில், பந்தயத் திடலில், தெரிந்தவர் மேற்பார்வையில் பழகலாம். கோயம்புத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அதற்கான திடல்கள் உள்ளன.

மறுநாள் பெரியவர் காரைத் திறந்து பார்த்தார். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்திருந்தன. கிளட்ச் வழுக்கியது. முன்சக்கரத்துப் பிரேக் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓடிய வண்டிக்குத்தான் நாம் டர்போ தேடினோம். எல்லாவற்றையும் சரிசெய்ய 14,500 ரூபாய் ஆனது. அடுத்த வாரம் ஐந்து பேரோடும் சேலைக் கட்டுகளோடும் வேலூர் சென்று வந்ததாகவும், வண்டி நன்றாக இழுத்ததாகவும் மாணவர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

“ஆசை இன்னும் போகவில்லை, ஹஜ்ரத்” என்றும் சொன்னார். போக வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு மட்டும் சொன்னோம். பிள்ளைகள் இப்படியொரு தாளோடு வந்தால், பெற்றோர்களே, உடனே மறுத்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து மீதி வரிகளை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். அவர்களின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.