கோப்பை ஊர் சுற்றட்டும்

தென்காசியிலிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை தாண்டினால் கோவில்பட்டி. ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள் வளரும் ஊர். அந்த ஆர்வம் தென்காசிப் பக்கமும் வர ஒரு சுழற்கோப்பை போதும் என்பது என் நம்பிக்கை. பனி ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைப் பாருங்கள். கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892-இல் 10 கினிக்கு வாங்கித் தந்தபோது அது ஒரு சாண் உயரம்கூட இல்லாத வெள்ளிக் கிண்ணம். 1893-இல் மான்ட்ரியல் அணி முதலில் பெற்றது. கோப்பை வைத்திருப்பவருக்கு மற்ற அணிகள் சவால் விடலாம் என்பது அன்றைய முறை. 1905-இல் தங்கச் சுரங்க ஊரான டாசன் சிட்டியிலிருந்து ஓர் அணி கப்பலிலும் ரயிலிலும் வாரக்கணக்கில் பயணித்து ஒட்டாவா வந்து, 23-2 என்று தோற்றது. கடைக்கோடி ஊருக்கும் வாய்ப்புத் தந்ததால்தான் அந்தக் கிண்ணத்துக்கு மதிப்பு கூடியது.

நம் நாட்டில் 1895-இல் கல்கத்தாவில் தொடங்கிய பெய்ட்டன் ஹாக்கிக் கோப்பையும் அப்படித்தான். 1933-இல் தியான் சந்தின் ஜான்சி ஹீரோஸ் அணி அங்கே போய் வென்றது. நம் தென்காசிப் பக்கத்தில் குற்றாலம் சாரல் விழாவுக்குக் கூட்டம் தானாக வருகிறது. அந்த நாட்களில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு ஹாக்கிப் போட்டி வையுங்கள். சின்னக் கோப்பையே போதும். ஜெயித்த பிள்ளைகளின் பெயர்களை அதில் பொறித்து, ஒரு வருடம் அவர்கள் பள்ளியிலேயே வையுங்கள். அடுத்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பறிக்க மட்டையைத் தூக்குவார்கள்.